முடிக்குள் தெரியாத நிறம்

கடைக்குள் காலை வைக்கும்போதே மைக்செட்காரருக்கு மூக்கின்மேல் கோபம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் அதோடு மல்லுக்கட்டியதில் பாதிக் கோபம். உள்ளே யாரோ சிரித்த சத்தத்தில் மீதி. சிரித்தவர்கள் தங்களுக்குள் எதையோ பேசிச் சிரித்திருக்கலாம். ஆனால் தான் இருக்கும் இடத்தில் ஒருவர் சிரித்தால் அதற்குக் கணக்குக் கேட்டே பழகியவர் அவர்.

அவருடைய அப்பா ஆரம்பித்தது அந்த மைக்செட் கடை. கூட்டம், விழா, விளையாட்டுப் போட்டி என்று ஊரில் எது நடந்தாலும் ஒலிபெருக்கி அங்கிருந்துதான் போகும். ஒரு ஸ்பீக்கரை இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே எது கிழிந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். கடையின் பெயர்ப்பலகையில் அப்பா காலத்திலேயே எழுதிவைத்த வரி ஒன்று உண்டு: 'எங்கள் ஒலி எட்டாத காது இல்லை.' அந்த வரியை வருடம் தவறாமல் புதுப் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றி வருகிறவர், இன்று இன்னொருவன் கடையில் நின்றுகொண்டு கைவிரல் நுனி அளவுள்ள பொருளை வாங்க வேண்டியிருந்தது.

"யாருக்கு சார்? உங்களுக்கா?" என்று கேட்டபடி வந்தான் விற்பனைக்காரன்.

"என்னப் பாத்தா பாட்டக் காதுல சொருகிக்கிட்டுத் தெருவுல ஆடுறவன் மாதிரி இருக்கா?"

"இல்ல சார், இப்ப எல்லா வயசுலயும் வாங்குறாங்க."

"என் தம்பி பொண்ணுக்கு. பதினஞ்சு வயசு ஆகப்போகுது. வயர் இல்லாத இயர்பட்ஸ் வேணும்."

விற்பனைக்காரன் முகம் மலர்ந்தது. வெள்ளைப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். உள்ளே இரண்டும் முத்துப்போல மின்னின. பெட்டியின் நெற்றியில் ஒரு விளக்கு நீலமாகக் கண் சிமிட்டியது. "இந்த வயசுப் பிள்ளைங்க கேக்கிறது இதத்தான் சார். காதுல போட்டா தெரு முனையில இருந்தே தெரியும்."

"தெரியக் கூடாது."

"என்ன சார்?"

"போட்டிருக்கிறது வெளிய தெரியக் கூடாது. கறுப்பு எடு. பளபளப்பு வேணாம். விளக்கு எரியக் கூடாது. காம்பு நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. முடிய முன்னால தள்ளிவிட்டா அது இருக்கிற இடமே தெரியக் கூடாது."

"பரிசு கொடுக்கப்போறீங்க, அதுவும் சின்னப் பொண்ணுக்கு. கறுப்புன்னா கொஞ்சம் டல்லா இருக்கும் சார்."

"அது என் பாடு."

அவன் கறுப்பில் நாலைந்தை எடுத்துப் பரப்பினான். ஒவ்வொன்றின் பெருமையையும் பாடத் தொடங்கினான். "இதுல பேஸ் பிரமாதமா இருக்கும் சார். நெஞ்சுக்குள்ள தும்மு தும்முன்னு அடிக்கும்."

"தும்மு தும்மு எல்லாம் என் கடையில வேண்டிய மட்டும் இருக்கு. பக்கத்துல நின்னு பேசுறவங்க பேச்சு கேக்கணும். அதுக்கு எது?"

விற்பனைக்காரன் குழம்பினான். "பேச்சு கேக்கணும்னா கழட்டி வெச்சாலே கேக்குமே சார்."

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல முடியாததால் மைக்செட்காரருக்கு இன்னும் கோபம் வந்தது. "போட்டிருக்கும்போதே கேக்கணும். வெறுங்காதுல கேக்கிறத விடப் பெருசா கேக்கணும். இருக்கா, இல்லையா?"

"ஓ, அந்த வசதியா. இருக்கு சார். சுத்தியிருக்கிற சத்தத்தப் பெருக்கிக் கொடுக்கும். வயசானவங்கதான் அதுக்காக வாங்குவாங்க." அவன் குரலைத் தணித்தான். "வீட்டுல யாருக்காவது காது மந்தமா சார்?"

"எங்க வீட்டுல யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது."

ஒலிபெருக்கி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக் குரல் அது. அடுத்த மேசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எடுத்துக் கொடுத்தான்.

மைக்செட்காரர் சோதிக்கிற விதமே தனி. ஒன்றைக் காதில் பொருத்திக்கொண்டு, அவனைக் கடைக் கோடிக்குப் போகச் சொல்லி, முதுகைக் காட்டி நின்று மெதுவாக எதையாவது பேசச் சொன்னார். அவன் வாய்க்கு வந்த பொருள்களின் பெயரை எல்லாம் சொன்னான். ஒன்றில் சொல்லின் தலை கேட்டது, வால் கேட்கவில்லை. ஒன்றில் மின்விசிறியின் இரைச்சல் பேச்சை விழுங்கியது. இன்னொன்றில் குரல் தகரக் குவளைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. அவர் கழற்றிக் கழற்றி வைத்தார். அவன் நடந்து நடந்து களைத்தான். அடுத்ததைப் பொருத்திக்கொண்டு அவர் தலையாட்டியதும், கோடிக்குப் போனவன் அங்கே நின்ற தோழனிடம் உதடு அசையாமல் முணுமுணுத்தான். "பெருசு மொத்தக் கடையையும் காதுல போட்டுப் பாத்துட்டுத்தான் போகும் போல."

"இதக் கொடு," என்றார் மைக்செட்காரர். "இதுல நல்லா கேக்குது."

வீட்டில் எல்லாரும் குட்டி என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது காதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. வலது காது பெயருக்குத்தான். இடது காதில் பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். முகத்தைப் பார்த்துப் பேசினால் மீதியை அவள் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வாள். காது மெஷின் மாட்ட வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். குட்டியின் அம்மா அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். வீட்டுக்கு மூத்தவரான மைக்செட்காரர்தான் முடியாது என்றார்.

"நம்ம கடைக்கு எதிர்ல சலூன் வெச்சிருக்கானே, அவன் கையில கத்திரிக்கோல் வேலை செய்றதவிட நாக்கு அதிகமா வேலை செய்யும். மைக்செட்காரன் வீட்டுப் பொண்ணுக்கே காது கேக்கலையாம்னு ஒரு தலைக்கு ஒரு தடவை சொல்லுவான். ஊர்க் காதக் கெடுத்தவனுக்கு வந்ததப் பாருன்னு சிரிப்பானுங்க. அப்பா பேர்ல ஒரு கறை விழ நான் விடமாட்டேன்."

தம்பி அண்ணன் பேச்சைத் தட்டியதில்லை. கடையில் வயரைச் சுருட்டும் நேரத்தில்கூட அண்ணன் சொன்ன பக்கம்தான் சுருட்டுவான். ஆகவே வீடு தனக்கென்று ஒரு நடைமுறையை வைத்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் எல்லாரும் குட்டியின் இடது பக்கம். அவளைக் கூப்பிடுவதற்கு முன் மேசையில் இரண்டு தட்டு. யாரும் அவளிடம் முதுகைக் காட்டிப் பேசுவதில்லை. வெளியாள் வந்தால் அம்மாவோ பெரியப்பாவோ அவளை ஒட்டி நின்று, வந்தவர் சொன்னதையே வேறு மாதிரி திருப்பிச் சொல்வார்கள். அதையும் மீறி அவள் எதையாவது கேட்காமல் விட்டுவிட்டால், "அவ எப்பவும் ஏதோ யோசனையில இருப்பா" என்று சிரித்து மழுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. அங்கே அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். திமிர் என்றால் மைக்செட்காரருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அது அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இருப்பதுதான்.

பிறந்தநாள் அன்று பெட்டியைக் கொடுத்தார். இயர்பட்ஸ் என்றதும் குட்டி துள்ளினாள். கறுப்பு என்று பார்த்ததும் துள்ளல் நின்றது. ஆனாலும் அப்பா அதைப் போனில் சரிசெய்து காதில் பொருத்தியபோது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, சமையலறையில் குழாய் சொட்டுகிறதே என்றாள். அந்தக் குழாய் சொட்டத் தொடங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இதோ பாரு குட்டி," என்றார் பெரியப்பா. மேசையில் இரண்டு தட்டு தட்ட வேண்டியிருக்கவில்லை. "முடிய எப்பவும் முன்னால விட்டுக்கோ. யார் கண்ணுலயும் படக் கூடாது. பட்டுட்டா, பாட்டு கேக்கிறேன்னு சொல்லு. பாட்டு கேட்டா திட்டுவாங்க, அதோட போச்சு. மத்தது தெரிஞ்சா காலத்துக்கும் பேசுவாங்க."

"சரி பெரியப்பா," என்றாள் அவள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது மைக்செட்காரர் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்திருந்தார். தம்பி ஒரு கூட்டத்துக்கு வயர் கட்டப் போயிருந்தான். ஆண்டுப் பரீட்சையில் பெண் திருட்டுத்தனம் செய்து பிடிபட்டிருக்கிறாள், உடனே வாருங்கள் என்றார்கள். திருட்டு என்ற சொல் அவருடைய காதில் விழுந்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் தானாகவே மேசைக்குள் குத்திக்கொண்டது.

வீட்டுக்குப் போய்த் தம்பி மனைவியிடம் சொன்னார். "நீ இங்கயே இரும்மா. நான் போய் அந்த டீச்சரம்மாவ ஒரு பிடி பிடிச்சிட்டு வர்றேன். யார் பொண்ணப் பாத்து என்ன வார்த்தை பேசுறாங்கன்னு தெரியாமப் பேசுறாங்க."

"நானும் வர்றேன் மாமா."

"நான் போறேன்னு சொல்றேன்ல."

"உங்க குடும்பத்து மானத்துக்கு நீங்க வாங்க. என் பொண்ணுக்கு நான் வர்றேன்." இத்தனை வருடத்தில் அவள் அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள், அது அதைவிட மோசமாக இருந்தது. "அரையாண்டுப் பரீட்சையில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? கேள்வித்தாள்ல ஏதோ தப்புன்னு டீச்சர் வாயால திருத்திச் சொல்லியிருக்காங்க. எல்லாப் பிள்ளையும் மாத்திக்கிச்சு. இவ ஒருத்திதான் தப்புக் கேள்விக்கு உக்காந்து பக்கம் பக்கமா எழுதிட்டு வந்தா. அன்னைக்கு ராத்திரி சோறே திங்கல. நீங்க கேட்டீங்க, ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்னு. நான்தான் தலைவலின்னு சொன்னேன். இந்த வீட்டுல பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கே தேஞ்சு போச்சு மாமா."

மைக்செட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். அவள் அவருக்கு ஈடாக நடந்து வந்தாள். எதிரே வந்த சைக்கிள்காரன் ஒருவன் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனான்.

தலைமையாசிரியையின் அறை வாசலில், போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பார்க்கும்படி குட்டியை நிற்க வைத்திருந்தார்கள். முடி இரண்டு பக்கமும் முன்னால் தொங்கியது. அவள் அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பெரியப்பா அவளைத் தோளில் தொட்டு உள்ளே கூட்டிப்போனார். "உக்காருங்க ஐயா," என்று தலைமையாசிரியை சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க பொண்ணத் திருடின்னு சொன்னது யாரு?"

தலைமையாசிரியை சளைக்கிற ஆள் இல்லை. மேசை மேல் ஒரு காகிதத்தில் கறுப்பாகக் கிடந்த இரண்டு துண்டுகளைச் சுட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்ற கண்காணிப்பு ஆசிரியை, "நான்தான் பிடிச்சேன்," என்றார். "நான் ஏதோ சொல்றதுக்காக முன்னால வந்து நின்னதும் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுக் காதுல ஏதோ சொருகினா. முடிய விலக்கிப் பாத்தா இது. வெளியில இருந்து யாரோ விடை சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னது? எந்த விடைய? காட்டுங்க பாக்கலாம்."

"அத அவதான் சொல்லணும். வாயத் திறக்க மாட்டேங்கிறா."

தலைமையாசிரியை ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "ஐயா, பிள்ளைங்க இயர்பட்ஸ் கொண்டுவர்றது எங்களுக்குப் புதுசில்ல. எல்லாம் வெள்ளையா, கலர் கலரா, விளக்கு எரியிற மாதிரி கொண்டுவருவாங்க. பிடுங்கி இந்த டிராயர்ல போட்டு வெப்போம், அப்பா அம்மா வந்து வாங்கிட்டுப் போவாங்க. அது விளையாட்டு. இது விளையாட்டு இல்ல. பாருங்க, பளபளப்புக்கூட இல்லாத கறுப்பு. முடிக்குள்ள போனா கண்டுபிடிக்கவே முடியாது. ஒளிச்சு வைக்கணும்னே தேடிப் பிடிச்சு வாங்கியிருக்காங்க."

"வாங்கினது நான்," என்றார் மைக்செட்காரர்.

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? அப்ப இதுல வீட்டுக்கும் பங்கு இருக்கா?"

அவருடைய ஆயுளில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவர் முகத்துக்கு நேரே பேசியதில்லை. மேசை விளிம்பை அவர் பிடித்த பிடியில் அதன் மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. "அம்மா, நாக்க அளந்து பேசுங்க. எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவன் சோத்தத் தின்னதில்ல, அடுத்தவன் விடைய எழுதினதும் இல்ல. உங்க ஆண்டுவிழாவுக்கு யாரு வந்து மைக் கட்டுறதுன்னு மறந்துட்டீங்களா? எங்க அப்பா காலத்துல இருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பாதியில கரகரத்திருக்கா?"

"மைக்கப் பத்தி நான் கேக்கல ஐயா. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். ஏன் கறுப்பு?"

கடைக்காரனிடம் 'அது என் பாடு' என்று சொல்லிவிட்டு வந்தவருக்கு இங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பதில் இல்லேன்னா எழுதின எல்லாத் தாளையும் ரத்து பண்ணணும். காப்பியடிச்சான்னு பேரோட எழுதி அனுப்பணும். எங்க போனாலும் அந்தப் பேர் அவ கூட வரும். எனக்கும் இது சந்தோஷம் இல்ல."

குட்டியின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "மேடம், அவளுக்கு..." என்று ஆரம்பித்தாள். மைக்செட்காரரின் வலது கை தானாகவே உயர்ந்து அவளை நிறுத்தியது. வீட்டில் இத்தனை காலமும் எல்லார் பேச்சையும் நிறுத்திய அதே கை. அவள் நின்றாள், ஆனால் உட்காரவில்லை. அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பினார்.

திரும்பிய பக்கத்தில் குட்டி நின்றாள். அங்கே நடந்த பேச்சில் பாதிகூட அவளுக்கு எட்டியிருக்காது. காதிலிருந்ததுதான் மேசையில் கிடக்கிறதே. ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசியபோது எந்த உதட்டைப் பார்ப்பது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உயர்ந்த கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று குழந்தையிலிருந்தே தெரிந்தவள் அவள். முதுகை நிமிர்த்திக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னாள்.

"பாட்டு கேட்டேன் மேடம்."

"பரீட்சையில பாட்டா?"

குட்டி தலைமையாசிரியையின் உதட்டையே பார்த்தாள். "பாட்டு கேட்டேன்," என்றாள் மறுபடியும். சொல்லிக் கொடுத்தது பிசகாமல் வந்தது. பாட்டு கேட்டால் திட்டுவார்கள், அதோடு போய்விடும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ இப்போது அவள் பக்கத்தில், மீசையை முறுக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"அவளுக்குக் காது கேக்காது," என்றார் மைக்செட்காரர்.

வாழ்நாள் முழுக்க அடங்கிப் பேசத் தெரியாதவரின் வாயிலிருந்து அந்தச் சொல் பஞ்சு மாதிரி வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அது எட்டியதா என்பதே சந்தேகம். குட்டிக்கு எட்டவில்லை. பெரியப்பா வாயசைத்தது மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது.

"என்ன பெரியப்பா?" என்றாள்.

அவள் பக்கம் முகத்தை நன்றாகத் திருப்பினார். கூட்டத்தின் கடைசி வரிசைவரை எட்டும் அந்தக் குரல் முழுசாக வந்தது. "உனக்குக் காது கேக்காதுன்னு சொன்னேன். சின்ன வயசுக் காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னேன். மெஷின் மாட்டச் சொன்னாரு டாக்டர். நான்தான் விடல. வெளிய தெரியக் கூடாதுன்னு கறுப்பாப் பாத்து இந்த எழவ வாங்கிக் கொடுத்ததும் நான்தான். போதுமா?"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த காலடிகள் நின்றன. அடுத்த வகுப்பில் ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் நிறுத்தினார்கள்.

மைக்செட்காரர் எதிர்பார்த்தது இரக்கம். இரக்கத்துக்குத்தான் அவர் இத்தனை காலமும் பயந்துகொண்டிருந்தார். வந்தது வேறு. தலைமையாசிரியை எழுந்து நின்றார், அவர் முகமும் சிவந்திருந்தது. "எத்தனை வருஷமா எங்ககிட்ட படிக்கிறா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன் பெஞ்சில உக்கார வெச்சிருப்போம். சொல்றத எழுதிக் காட்டியிருப்போம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா, திமிர் பிடிச்சவன்னு எத்தனை தடவை வெளிய நிக்க வெச்சிருக்கோம் தெரியுமா? ஒரு சின்னப் பொண்ண நாங்க அடிக்காம அடிச்சிருக்கோம். அந்தப் பாவத்துல எங்களையும் கூட்டுச் சேத்துட்டீங்களே ஐயா."

கண்காணிப்பு ஆசிரியை, குட்டியின் காதிலிருந்து இயர்பட்ஸை எடுத்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பதினோராவது கேள்வியில ஒரு எண் தப்பு. அதத் திருத்திச் சொல்லத்தான் நான் முன்னால வந்தேன்."

"அதுக்குத்தான் போட்டேன்," என்றாள் குட்டி, அவர் உதட்டைப் பார்த்தபடி. "போன தடவை மாதிரி விட்டுடக் கூடாதுன்னு."

டாக்டரிடமிருந்து ஒரு சான்று வாங்கி வந்தால் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதலாம் என்று முடிவானது. இயர்பட்ஸைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். மைக்செட்காரர் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. 'வர்றேன்' என்று மட்டும் சொன்னார். அதுவே பெரிது.

கேட்டைத் தாண்டியதும் பெட்டியைக் குட்டியிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கோ. பிறந்தநாளுக்குக் கொடுத்தது."

"நீங்களே வெச்சுக்கோங்க."

"என்ன பேச்சு இது?"

குட்டி நடுத்தெருவில் நின்றாள். அந்த வீட்டில் யாரும் அவரைத் தெருவில் நிறுத்தி அப்படி நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. "நீங்க கொடுத்தது பரிசு இல்ல பெரியப்பா, முக்காடு. என்னத் திருடின்னு சொன்னாங்க. என் பாக்கெட்ட எல்லார் முன்னாடியும் தடவிப் பாத்தாங்க. எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்க. தொண்டை வரைக்கும் வந்துச்சு. நீங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களேன்னு சும்மா நின்னேன். உங்க மானத்த நான் காப்பாத்தினேன். என் மானத்த யாரு காப்பாத்தினா?"

தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். மைக்செட்காரருக்குத் தெருவில் நின்று பேசுவது பிடிக்காது. அவளை அதட்டலாம் என்று வாயைத் திறந்தார். அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், என்ன வார்த்தை வரப்போகிறது என்று. அப்படிப் பார்க்கிற பிள்ளையை அதட்ட முடியவில்லை.

"டாக்டர்கிட்டப் போவோம்," என்றார் கடைசியில்.

"எப்ப?"

"இப்ப. இப்படியே. வீட்டுக்குப் போனா எனக்குப் புத்தி மாறிடும்."

ஆஸ்பத்திரியில் காது மெஷின் வாங்கிய அன்று மறுபடியும் ஒரு சண்டை. தோல் நிறத்தில் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது என்று அங்கிருந்தவர் எடுத்து வைத்தார். குட்டி சிவப்பைக் காட்டினாள். மிளகாய்ப் பழச் சிவப்பு.

"சிவப்பா?" என்றார் பெரியப்பா. "தீயணைப்பு வண்டியா நீ? அந்தத் தோல் நிறத்துக்கு என்ன குறைச்சல்?"

"ஒளிச்சு வெச்சா திருட்டுன்னு சொல்றாங்க பெரியப்பா. இது தெரியணும்."

அவள் அம்மா மகளின் முடியை அள்ளி, பின்னால் தூக்கிக் கட்டிவிட்டாள். சிவப்பு இரண்டு காதிலும் பளிச்சென்று நின்றது. மைக்செட்காரர் உறுமிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

மறுநாள் குட்டி கடைக்கு வந்தாள், அப்பாவுக்கு வயர் சுருட்ட. பெரியப்பா வாசலில் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆளோடு வழக்கம்போல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்க் கடையில் சலூன்காரர் ஒருவருடைய தலையைப் பாதியில் விட்டுவிட்டு, சீப்போடு வாசலுக்கு வந்தார். கழுத்தை நீட்டிக் கடைக்குள் பார்த்தார். சாலையைக் கடந்து வந்தார்.

"ஏங்க, பாப்பா காதுல ஏதோ மாட்டியிருக்கே, என்ன அது?"

எத்தனையோ வருடமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அது நேராகவே வந்து நின்றது. மைக்செட்காரர் தோளை உயர்த்தினார். "காது மெஷின். அவளுக்குக் காது கேக்காது, அதனால மாட்டியிருக்கு. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல போனது, என் ஸ்பீக்கரால போனதில்ல. வேற என்ன தெரியணும்? கடைக்கு வர்ற ஒவ்வொரு தலைக்கும் நீயே சொல்லிடுறியா, இல்ல நானே ஒரு மைக் போட்டுச் சொல்லிடட்டுமா?"

சலூன்காரர் சீப்பைக் காதோரம் சொருகிக்கொண்டார். "எதுக்குங்க இவ்வளவு கோபம்? எங்க அம்மாவுக்குக் கொஞ்ச காலமாவே ஒண்ணும் கேக்கல. மாட்டிக்க வெக்கப்படுது. இந்தச் சிவப்பு நல்லாயிருக்கு, பாத்தா ஆசப்படும். எங்க வாங்கினீங்கன்னு கேக்கலாம்னு வந்தேன்."

மைக்செட்காரரிடம் இன்னும் நிறையக் கோபம் பாக்கியிருந்தது. அதை இறக்கி வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. பெயிண்ட் அடிப்பவரைப் பார்த்தார். அவர் பலகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கடைக்குள்ளிருந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி வயர் சுருட்டிக்கொண்டிருந்த குட்டி திரும்பாமலே சொன்னாள். "அவர் கேட்டது எனக்கு இங்க இருந்தே கேட்டுச்சு பெரியப்பா. மெதுவாத்தான் கேட்டாரு. பதில் சொல்லுங்க."

அவர் பதில் சொன்னார். ஆஸ்பத்திரியின் பெயர், அது இருக்கும் தெரு, எந்தக் கிழமை டாக்டர் வருவார் என்பது எல்லாவற்றையும், திட்டுகிற மாதிரியே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.